லீலா ஏற்றிய கற்பூரம்

புனேயை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்த லீலா, எங்கள் வானிலை ஆய்வுக்கூடத்தின் பேக்கிங் அறையைப் பத்தொன்பது வருடம் அரசாண்டவள். இயக்குநர் கல்யாணசுந்தரம்கூடச் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. மேகத்து நீரை வடிகட்டும் வட்டத்தாள்களைத் தூசி படாமல் உறையிட்டு அனுப்புவது அவள் வேலை; நான் அவளுக்கு உதவியாள்.

2008 கோடையில் அந்தத் தாள்கள் ஆர்க்டிக் போய்த் திரும்பின. மேகநீரை வடிகட்டிய எல்லாவற்றிலும் கரி. அங்கே மேகத்துளிகளும் வழக்கத்தைவிடப் பொடியாக, எண்ணிக்கையில் அதிகமாக இருந்தன. சென்னையிலிருந்து வந்த விஞ்ஞானி நிர்மலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சைபீரியக் காட்டுத்தீயின் புகை அவ்வளவு தூரம் வந்து மேகத்துக்குள் புகுந்திருக்கிறது, இருக்கிற ஈரத்தை ஏராளமான புகைத்துகள்கள் பங்குபோட்டதால் துளிகள் சிறுத்துவிட்டன, அப்படிப்பட்ட மேகம் சீக்கிரம் பொழியாது என்பது அவர் கணிப்பு.

"கரி நம்ம ரூம்லேர்ந்து போகலைன்னு மட்டும் நிரூபிக்கணும்" என்றார்.

அதற்கு வழி இருந்தது. பெட்டியோடு எப்போதும் ஒரு தாள் உறை பிரிக்காமலே போய்வரும். அதுவும் கறுத்திருந்தால் குற்றம் எங்களுடையது. ஒரு கோடை உழைப்பு முழுவதும் குப்பைக்குத்தான் போகும்.

நிர்மல் அந்த உறையில் கத்தரியை வைத்தார். லீலா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஏக் மினிட் சார். பெட்டி கட்டின அன்னிக்கு, நல்லபடியா போய்வரணும்னு ரூம்லயே கற்பூரம் ஏத்தினேன். தாளெல்லாம் மேஜைமேல தொறந்து கெடந்துச்சு. இந்தத் தாளும்தான்."

கற்பூரம் எப்படிக் கரி கக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கல்யாணசுந்தரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இவள் ஏன் வாயைத் திறந்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நிர்மல் உறையைக் கத்தரித்து, இடுக்கியால் தாளை எடுத்து விளக்கடியில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"வெள்ளை" என்றார் கடைசியில். "ஒரு பொட்டுக் கரி இல்ல."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். புகை காட்டிலிருந்து வந்ததுதான். ஆனாலும் விதியை மீறியது மீறியதுதானே, மறுவாரமே லீலாவை ஸ்டோருக்கு மாற்றி ஆணை வந்தது.

அறைச் சாவியை என்னிடம் ஒப்படைக்க வந்தவளிடம் பொரிந்து தள்ளினேன். "அஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதாக்கா? வெள்ளையாத்தானே வந்துச்சு?"

"வெள்ளையா வந்தப்புறம் நான் சொல்லியிருக்கவே மாட்டேன் கிரிஜா" என்றாள். "என்னை எனக்குத் தெரியும். அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."