கோழி ஷெட்டும் புதுப் போனும்

சேந்தமங்கலத்துப் பக்கம் தனபாலின் கோழிப்பண்ணையில் சின்னுசாமி வைத்ததுதான் சட்டம். முட்டை பொறுக்கும் ஆளாகச் சேர்ந்து, மீசை நரைத்த பிறகு சூப்பர்வைசர் ஆனவர். நாலுபுறமும் அடைத்த பெரிய ஷெட்டை அவரை நம்பித்தான் விட்டிருந்தார் தனபால். ஃபேன்கள் இழுக்கிற காற்றில்தான் அதற்குள் கோழிகள் பிழைக்கும். ஃபேன் நின்றால் சித்திரை வெயிலில் அரைமணி தாங்காது. கரண்டு போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால், சுவரிலிருக்கும் பேனல் பெட்டி தானாகவே சின்னுசாமிக்குப் போன் போடும். அவருடைய பழைய பட்டன் போன் அலறினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மகள் நித்யஸ்ரீ வேலைக்குப் போன கையோடு அப்பனுக்குப் புதுப் போன் வாங்கித் தந்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் பெருமைதான். கண்ணாடி போடாமலே எழுத்து தெரிகிறதாம். சீக்குக் கோழியைப் படமெடுத்து அனுப்பினால் டாக்டர் அங்கிருந்தே மருந்து சொல்லிவிடுகிறாராம். குறையும் இருந்தது. தீவனத் தூசி படிந்த விரலுக்கு அது மசியாது. தினமும் சார்ஜ் கேட்கும். போதாததற்கு, லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கண்டவனும் கூப்பிட்டு உயிரை வாங்கினான்.

“தெரியாத நம்பர் வந்தா சத்தமே போடக்கூடாது சாமி. அதுக்கொரு வழி பண்ணிக் குடு,” என்றார் மகளிடம்.

அவளும் பண்ணிக் கொடுத்தாள். சிம்மில் இருந்த பெயர்கள் மட்டும் புதுப் போனுக்கு வந்திருந்தன. பேனலின் நம்பர் பழைய போனுக்குள்ளேயே தங்கிப்போனது. அதைப் பார்க்க வேண்டியவர் சின்னுசாமிதான். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்று மத்தியானம் ஆட்களையும் சாப்பிட அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போன் பையிலேயே இருந்தது.

“ஏனுங்க, இன்னிக்கு ஒருத்தரும் கூப்புடலீங்களா? ஊடே அமைதியா கெடக்குது,” என்றாள் மனைவி சென்னியம்மாள்.

“இனித் தொல்லையே இல்ல. எல்லாம் புதுப் போனு பண்ற வேலை. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து.”

நிதானமாகச் சாப்பிட்டார். கொஞ்சம் கண்ணயரவும் செய்தார், பாவி மனுஷன்.

பண்ணை கேட்டுக்குள் வண்டியை விட்டவர் சட்டென்று பிரேக் போட்டார். ஃபேன் சத்தம் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளிருந்து வெந்த காற்று முகத்தில் அடித்தது. கூண்டு கூண்டாகக் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. எங்கோ ஒன்றிரண்டு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தன. பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பெயரில்லாத ஒரே நம்பர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது.

தனபால் வந்தார். திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சின்னுசாமி நின்றார். அவர் திட்டவில்லை. ஒரு கூண்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“குழி தோண்ட வண்டி வருதுங்ணா. அதுக்குள்ள இன்சூரன்சுக்குப் படம் புடிச்சிருங்க. உங்க போன்லதான் தெளிவா உழுகுமுன்னு சொன்னீங்களே.”

“ஆகட்டுங்க,” என்றார் சின்னுசாமி.

ஒவ்வொரு வரிசையாகப் பிடித்தார். பிடித்ததை ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தார். படமெல்லாம் நன்றாகவே விழுந்திருந்தது. கண்ணாடி போடாமலே, காற்றுக்குத் திறந்த ஒவ்வொரு அலகும் அவருக்குத் தெரிந்தது.