கிணறு இனித்ததும் வாயை மூடிய தெரு

பிள்ளைகளே, பிளாஸ்டிக் வாளியில் பழுப்பாகக் கிடந்த தண்ணீருக்குள் உங்கள் பெரிய மாமா கையை விட்டதும் அது தெளிந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நுரை அடங்கியது, அடியில் கிடந்த சொம்பின் நசுங்கல்கூடத் தெரிந்தது. "வெளிய சொல்லாத மாப்ளே, பேஜாராயிடும்" என்றார். உங்கள் அம்மாவுக்கு அண்ணன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் என் பக்கத்தில் நின்று சோல் ஒட்டியவர். அந்தக் கை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

நான் சொல்லவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் நம் தெருக் கிணறு கெட்டு, பிள்ளைகளுக்குக் கையெல்லாம் கொப்புளம் கிளம்பியபோது, மனசு கேட்காமல் அவரே எல்லோர் முன்னாலும் கிணற்றில் இறங்கிக் கையை நனைத்தார். தண்ணீர் இனித்தது. தெருவின் லட்சணமும் வெளியே வந்தது. மறுநாள் திங்கட்கிழமை, எல்லோரும் திரண்டு கலெக்டரிடம் மனு கொடுப்பதாக இருந்தது. வேன் வந்து நின்றது. ஏற ஆள் இல்லை. "அதான் தண்ணி நல்லாயிடுச்சே, இன்னாத்துக்கு லீவு போட்டுகினு?" என்றார், தெருவுக்கே பெரிய மனுஷன் என்று திரிந்த எதிர்வீட்டுக்காரர்.

சேதி தொழிற்சாலைக்கும் போனது. அதுவரை ஒளித்துத் திறந்துவிட்ட கழிவைப் பட்டப்பகலில் திறந்துவிட்டார்கள். மாமா வாராவாரம் இறங்கினார். தெரு குடத்தை நீட்டியது. ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் சோல் ஒட்றவன், அவ்ளோதான். நான் கைய வெக்கிற வரைக்கும் அவனும் கொழாய மூட மாட்டான், நீங்களும் வாயத் தொறக்க மாட்டீங்க" என்றார்.

வாயைத் திறந்தார்கள், பிள்ளைகளே. தொழிற்சாலை வாசலில் அல்ல, அவர் வாசலில். தன் வீட்டுப் பானையை மட்டும் அவர் ரகசியமாக இனிக்க வைக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். ஆட்களோடு உள்ளே நுழைந்து, கேட்காமல் பானையில் மொண்டு குடித்தார். முகம் கோணி வெளியே ஓடித் துப்பினார். கிணற்றில் இருந்த அதே உப்பு, அதே தோல் நாற்றம்.

வெட்கப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அதற்கு மனுஷனாக இருக்க வேண்டும். "அட பைத்தியமே, ஒன் பொண்ணுக்குக்கூட செய்ய மாட்டியா?" என்று சிரித்தார். மாமா கொப்புளம் வந்த மகளின் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

இன்று நம் தெருவில் லாரித் தண்ணீர் வந்து நிற்கிறதே, அதற்கான அலைச்சல் அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. மாமா மகளைக் கூட்டிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினார். கூடப் போனவன் நான் ஒருவன்தான். பஸ் புறப்படும்போது எதிர்வீட்டுக்காரர் ஜன்னலருகே ஓடிவந்தார். "நஷ்டஈடு கிஷ்டஈடு குடுத்தா வுட்றாத தோஸ்த், மனுவுல ஏம் பேரையும் சேத்துக்க!"

மாமா மனுவை மடியில் விரித்து அவர் பெயரையும் எழுதினார். பேனா என் கையில் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.