கருவாட்டு அறையில் வைத்த பட்டுக்கூடுகள்

அக்கா போய் இன்றோடு ஓராண்டு. படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களும் சிநேகிதர்களும் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுபோக இந்த ஏட்டைப் பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். துக்கத்தோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. அழுதுகொண்டே எழுத வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நம் குப்பத்தில்தான் அக்கா பிறந்தார். நைனாவுக்கு அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. கடலை விட்டுக் காட்டூரில் தோட்டம் போட்டுப் பிழைத்த நம் சொந்தத்திலேயே அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். கத்தரியும் அவரைக்கொடியும் வைத்து, இலை சுருண்டால் எந்தப் பூச்சி, காய் ஓட்டையானால் எந்தப் புழு என்று பார்த்துப் பார்த்துப் பழகினார். மாமா காய்ச்சலில் இறந்ததும் குப்பத்துக்கே திரும்பி வந்தார். மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு காலை வலையை எடுத்து முடிய ஆரம்பித்தார், பேச்சும் தானாக வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கோட்டையில் இருந்த டச்சுக்கார உலாந்தா துரைக்குப் பட்டு ஆசை பிடித்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் பட்டுப்புழு முட்டை வரவழைத்தார். நம் குப்பத்தை ஒட்டிய மணல்மேட்டில் கிணறு வெட்டி, வேலி போட்டு, புழுவுக்குத் தீனியாக முசுக்கொட்டைச் செடி நட்டார். அந்தக் கிணற்றில் கற்கண்டாகத் தண்ணீர் ஊறியது. நம் பெண்களோ ஒரு குடம் குடிதண்ணீருக்குப் படகேறி அக்கரை போய்க்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று கிணற்றைப் பார்க்கலாம், மொள்ள முடியாது.

முதல் முறை புழுவை எறும்பு தின்றது. இரண்டாம் முறை ஈ வந்து புழுவின் முதுகில் முட்டை வைத்தது. உடம்பில் கரும்புள்ளி விழுந்து புழுக்கள் செத்தன. மூன்றாவதும் போனால் தோட்டத்தையே அழித்துவிடப் போவதாகத் துரை சொன்னார் என்று, அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசி வந்து சொன்னபோது, அக்கா வலையைக் கீழே போட்டார்.

"என்கிட்ட குடுக்கச் சொல்லு. கூடு நல்லா வந்தா கெணறு எங்க குப்பத்துக்குன்னும் சொல்லு."

"இன்னாம்மா நீ, மீன்காரிக்குப் பட்டு தெரியுமா?" என்றார் துபாசி.

"பட்டு தெரியாது. பூச்சி தெரியும்."

துரை சம்மதித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் யாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. புழுத் தட்டுகள் அடுக்கிய பந்தலின் நான்கு காலுக்கும் அடியில் அக்கா தண்ணீர் ஊற்றிய மண்கிண்ணம் வைத்தார். "நம்மளாட்டம் எறும்புக்கு நீச்சல் தெரியாதுடா" என்று சிரித்தார். கிண்ணம் வற்றினால் தொலைந்தேன், காது கிழியத் திட்டு விழும். ஈக்கு வலை கட்டலாம் என்று நான் நெத்திலி வலையைத் தூக்கி வந்தபோது, அந்தக் கண்ணில் ஈயென்ன, ஈயின் குடும்பமே நுழையும் என்று துரத்திவிட்டார். நெசவுக்காரர்களிடம் போய், விலைக்குப் போகாத மெல்லிய சல்லாத் துணியை வாங்கி வந்து பந்தலைச் சுற்றிக் கட்டினார். புழு தோல் உரிக்கும் நாளில் கிளிஞ்சல் சுண்ணாம்பை நன்றாகச் சலித்துத் தட்டில் மெல்லத் தூவினார். கிளிஞ்சலுக்கு நமக்கென்ன பஞ்சம்.

செடியையும் விடவில்லை. விடிந்ததும் வரிசை வரிசையாக நடப்பார். நுனி சுருண்டு வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால், கொழுந்தோடு கிள்ளிச் சட்டியில் போட்டு எரிப்பார். எறும்பு எந்தச் செடியில் ஏறுகிறதோ அதில் மாவுப்பூச்சி இருக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். கம்பளிப்பூச்சி முட்டை வைத்த இலையைத் தேடிப் பறிக்க அத்தனை பெண்களும் வந்தார்கள். ஒரு குடம் தண்ணீருக்காக வந்தவர்கள், பிறகு புழு இலை தின்னும் சத்தம் கேட்கவே வர ஆரம்பித்தார்கள். மழைத் தூறல் மாதிரி கேட்கும்.

புழுக்கள் கூடு கட்டின. மஞ்சள் மஞ்சளாக, கூடை கூடையாக. அப்படியொரு சந்தோஷத்தை நம் குப்பம் அதற்கு முன் பார்த்ததில்லை.

துரை வர ஐந்து நாள் இருந்தது. கூடுகளைத் தோட்டத்துக் கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டு, அக்கா பந்தலைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கப் போனார். கொட்டகைக் கூரை கசிந்தது. எனக்கு மூளை வேலை செய்தது. குப்பத்திலேயே ஈரம் எட்டிப் பார்க்காத இடம் எது? கருவாட்டு அறை. யாரையும் கேட்காமல் கூடைகளை அங்கே கொண்டுபோய் அடுக்கினேன். வைத்தவன் நான். உங்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

மூன்றாம் நாள் அக்கா கூடையைத் தூக்கினார். கூடுகளில் பொடிப் பொடியாக ஓட்டை. உள்ளே கருவாட்டு வண்டு. கருவாட்டைக் குடையும் அதே வண்டுக்குக் கூட்டுக்குள் இருந்த புழுவும் ருசித்திருக்கிறது. நான் அழ ஆரம்பித்தேன்.

"ஏண்டா இங்க வச்ச?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சரி, அழுவாத. தூக்கு கூடையை, மணலுக்கு" என்றார்.

உச்சி வெயிலில் மணல் கொதித்தது. பாயை விரித்துக் கூடுகளை ஒற்றை வரிசையாகப் பரப்பினோம். வெயில் பட்டதும் வண்டுகள் வெளியே வந்து நிழலைத் தேடி ஓடின. ஓடுகிற வழியில் சட்டியைக் கவிழ்த்து, அடியில் கருவாட்டுத் துண்டு வைத்திருந்தார் அக்கா. அத்தனையும் அதற்குள் போய் அடைந்தன. அள்ளி அள்ளி நெருப்பில் போட்டோம். ஓட்டைக் கூடுகளைத் தனியே எடுத்தோம், கால் பங்கு இருக்கும். இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த மற்றதைச் சல்லாத் துணியில் மூட்டை கட்டி நம் படகில் ஏற்றி, ஏரி நடுவே நங்கூரம் போட்டுவிட்டார்.

"கரையில இருந்தா எதுனா பூந்துடும். கெணறு நம்மளுக்கு வர்ற வரிக்கும் கரைக்கு வராது இது" என்றார்.

துரை படகில் வந்தார், ஏரி நடுவிலேயே எங்கள் படகோடு சேர்த்துக் கட்டினார்கள். அக்கா நல்ல மூட்டையைக் காட்டுவதற்கு முன்பே ஓட்டைக் கூடுகளை எடுத்து வைத்தார். துரையின் முகம் சிவந்தது. கருவாட்டோடு பட்டுக்கூட்டை வைத்த மடையன் யார் என்று கேட்கிறார் என்றார் துபாசி.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"நான்தான். இனிமே வெக்க மாட்டேன்னு சொல்லு."

பிறகு படகிலேயே அடுப்பு மூட்டிக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு நல்ல கூட்டைப் போட்டு, நுனியைப் பிடித்து இழுத்தார். நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது, அறுபடவே இல்லை. துரை குல்லாயைக் கழற்றிவிட்டார். மறுநாள் வேலியின் ஒரு பக்கத்தைப் பிரித்தார்கள். நம் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு உள்ளே போனார்கள். அன்று குப்பமே கும்மாளம் போட்டது, அக்கா மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினார்.

அதன் பிறகு பல முறை கூடு எடுத்தார், ஒரு முறையும் தோற்கவில்லை. இருந்தாலும் ஊர் வாயில் நின்றது அந்த ஒன்றுதான். கருவாட்டுப் பட்டுக்காரி என்று கேலி செய்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

போன ஆண்டு அக்கா காய்ச்சலில் படுத்தபோது, அன்று துரையிடம் என் பழியை ஏன் நீ ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நீ படகு ஓட்டறவன். புத்தி இல்லாதவன்னு பேர் வந்தா எவன் உன்னை நம்பிக் கடலுக்கு வருவான்? எனக்கின்னா, நான் மறு தபா செஞ்சு காட்டிடுவேன்" என்றார். நான்காம் நாள் போய்விட்டார்.

சல்லாத் துணி தந்த நெசவுக்காரர்களுக்கும், இலை பறித்த பெண்களுக்கும், காட்டூர் சொந்தங்களுக்கும், கடைசி நாட்களில் வேளை தவறாமல் மருந்து கொடுத்த திருப்பாலைவனத்து வைத்தியருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இன்று பந்தியில் யாராவது அந்தக் கதையை எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். தாராளமாக எடுங்கள். சிரிக்கும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.