ஃபயர் டேங்க் நீச்சல் கழகம்

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஃபயர் டிரில். சைரன் ஊதியதும் எல்லோரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு (செல்போனை மட்டும் விடமாட்டோம்) வெளியே ஓடிவந்து வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும். பழைய டயர் ஒன்றைக் கொளுத்தி நாலு பேர் அணைப்பார்கள். நாங்கள் கைதட்ட வேண்டும். அட்மினில் இருப்பதால் தலை எண்ணுவது என் வேலை. பாதிதான் எண்ணியிருப்பேன், ஓஸ் பைப் பிடித்திருந்தவருக்குக் கை வழுக்கி, தண்ணீர் பளாரென்று என் முகத்தில் அடித்தது.

"இன்னா மேடம், அடி பட்டுச்சா?" என்று ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பாசி வாசனை, துரு வாசனை, அதன்மேல் லேசாகப் பிளீச்சிங் பவுடர். உதட்டை நக்கிக்கூடப் பார்த்தேன், உங்களிடம் மறைப்பானேன். அதே ருசி! சேஃப்டி ஆபீசர் முதலுதவிப் பெட்டியைத் திறந்துவிட்டார், பாவம்.

அந்த மாதிரித் தண்ணீரில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். எல்லோருக்கும் ஆறு, ஏரி, கிணறு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். எனக்கு ஃபயர் டேங்க். எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனிக்குப் பின்னால், தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று ஒரு சிமெண்ட் தொட்டி. ரெண்டு லாரியை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு நீளம். கழுத்தளவு தண்ணீர். கையை உள்ளே விட்டால் முழங்கைக்குக் கீழே காணாமல் போய்விடும், அவ்வளவு பச்சை.

அந்தத் தொட்டியை நீச்சல் குளமாகப் பார்த்தது அமலா ஒருத்திதான். அவள் அப்பாவும் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அமலா ப்ளஸ் டூ, நான் அவளுக்கு ரெண்டு வருஷம் சின்னவள். ஒருநாள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்று, "சார், வாராவாரம் நாங்க பாசி தேச்சிக் குடுக்கறோம், எங்களை நீந்த வுடுங்க" என்றாள். மேனேஜர் யோசித்தார். பாசி தேய்க்க ஆள் கிடைக்காமல் அவர் அவதிப்பட்ட காலம் அது. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை, செக்யூரிட்டி கூடவே இருக்க வேண்டும், விசில் அடித்தால் அத்தனை பேரும் மறு நொடியே வெளியே வந்துவிட வேண்டும் என்று கண்டிஷன் போட்டு விட்டுவிட்டார். எங்கள் கழகம் அப்படித்தான் பிறந்தது. சந்தா, தேங்காய் நார் பிரஷ்ஷால் அரை மணி நேரம் சுவர் தேய்ப்பது.

உறுப்பினர்கள் நாலு பேர். அமலா கேப்டன். கௌசல்யாவுக்குச் சொந்த நிலமும் பம்புசெட்டுக் கிணறும் உண்டு. கிணற்றில் பழகியவள் என்பதால், தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஊர் பார்த்தபடி நீந்துவாள். ரீட்டா எல்லோருக்கும் சின்னவள், எட்டாங்கிளாஸ், வாய் ஓயாது. அப்புறம் நான்.

செக்யூரிட்டி நாகையா மாமாவுக்குச் சூளூர்பேட்டைப் பக்கம். பேச்சில் லேசாகத் தெலுங்கு வாடை. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தொட்டியிலிருந்து நாலடி தள்ளியே நிற்பார். "தண்ணின்னா எனக்கு பயம் பாப்பா. நீங்க முழுவுனா டியூப் போடுவேன், அவ்ளோதான் என் டூட்டி" என்பார். பிற்பாடு ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்த ஃபாரத்தில் 'பயிற்சியாளர் கையொப்பம்' என்று இருந்த இடத்தில் அவரைத்தான் கையெழுத்துப் போடச் சொன்னோம். கழகத்தின் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் ரீட்டா 'ஃபயர் டேங்க்' என்று எழுதிவிட்டாள். அப்படியே போய்விட்டது.

இப்போது எங்கள் பயிற்சி முறையைச் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் சுவர் வருவது தெரியாது. பிளீச்சிங் பவுடர் போட்ட வாரம் கண்ணைத் திறந்தால் எரியும். கண்ணாடி ஒன்றே ஒன்று, அது கேப்டனுடையது. மண்டை உடையாமல் இருக்க ஒரே வழி, கைகளை எண்ணுவது. அமலா பதினாலாவது கையில் சுவரைத் தொடுவாள். நான் பதினெட்டில். ஒருத்தி நீந்தும்போது மற்ற மூன்று பேரும் கரையில் நின்று அவள் எண்ணைத் தொண்டை கிழியக் கத்துவோம். "பதினாறு, பதினேழு, பதினெட்டூ, திரும்பூடி!" கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே பதினெட்டில் திரும்பி உதைப்பேன். தூக்கத்தில்கூட பதினெட்டில் திரும்பிப் படுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். ரீட்டாவுக்கு மட்டும் எண்ணிக்கை தங்காது. வாரம் ஒருமுறை முட்டிக்கொண்டு, நெற்றியில் வீக்கத்தோடு சர்ச்சுக்குப் போவாள்.

விளையாட்டாக ஆரம்பித்தது அந்த வருஷம் விளையாட்டாக இல்லாமல் போனது. கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் நீச்சலுக்கு இடம் உண்டு, ஹாஸ்டலும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஏதாவது ஒரு பெரிய போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சர்டிபிகேட் இருந்தால் போதும் என்று அமலா விசாரித்து வந்திருந்தாள். இல்லாவிட்டால் ரிசல்ட் வந்த மறுநாளே செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்க வேண்டியதுதான். அவள் அம்மா சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் கோடையில் சென்னையில் நடந்த போட்டிதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு. தனிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டது. ரிலேயில் மட்டும் ஐந்து டீம்தான் இருந்ததால் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நாலு பேர், ஆளுக்கு ஐம்பது மீட்டர், குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை. அமலாவின் எதிர்காலத்தில் முக்கால்வாசி எங்கள் மூன்று பேர் கையில்.

ஷூ கம்பெனியில் தைக்கும் அமலாவின் அம்மாதான் நாலு பேருக்கும் நீச்சல் உடுப்பு தைத்துக் கொடுத்தார். மூன்று தையல், ஷூவுக்குப் போடுகிற மாதிரி. உடம்பு கிழிந்தாலும் அது கிழியாது. காலை ரயிலில் சென்ட்ரலில் இறங்கினோம். நாகையா மாமா யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, கழுத்தில் விசிலோடு வந்திருந்தார். "நாஷ்டா துண்ணாம எவனாவது தண்ணில எறங்குவானா?" என்று பிடிவாதமாக ஆளுக்கு மூன்று பூரி வாங்கிக் கொடுத்தார். அதில் வார்ம்அப் நேரம் போய்விட்டது. குளத்தை நாங்கள் முதன்முதலில் பார்த்ததே போட்டிக்குச் சற்று முன்னால்தான்.

நாகையா மாமா வாசலில் கால் வைத்ததும் ஒருவர் அவரிடம் ஸ்கூட்டரை எங்கே விடுவது என்று கேட்டார். அவர் இடம் காட்டினார். அடுத்தவருக்கும் காட்டினார். நாங்கள் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அத்தனை ஸ்கூட்டரையும் நூல் பிடித்த மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்.

ரேஸ். கௌசல்யா முதலில். வழக்கம்போல் ஊர் பார்த்துக்கொண்டே ஐம்பது மீட்டரையும் கடந்துவிட்டாள். ரெண்டாவது ரீட்டா. எண்ணிக்கை தங்காதவள் ஆயிற்றே, அதனாலேயே நிற்காமல் வந்து சேர்ந்தாள். அப்போது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம், சத்தியமாக! மூன்றாவது ஆளாக நான் குதித்தேன். எதிர்க்கரையில் அமலா காத்திருந்தாள், கண்ணாடியோடு. நான் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

திரும்பிவிட்டேன்.

சுவர் இல்லை. காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் உடம்பு திரும்பிவிட்டது. நடுக் குளத்தில் அழகாகத் திரும்பி, வந்த வழியே போக ஆரம்பித்தேன். கேலரி முழுக்க ஒரே கூச்சல். ஆகா, நமக்குத்தான் என்று இன்னும் வேகமாகக் கையை வீசினேன். அப்போதுதான் கேட்டது, நாகையா மாமாவின் விசில்.

விசில் என்றால் மறு நொடியே வெளியே வர வேண்டும் அல்லவா? நின்றேன். வரிசை பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தால், எதிரே கரையில் ரீட்டா தலையில் அடித்துக்கொண்டு, "அந்தாண்டடீ! அந்தாண்ட போடீ!" என்று குதிக்கிறாள். அதைவிட வேடிக்கை, விசில் சத்தம் கேட்டு, போட்டியையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து வேறு ரெண்டு டீம் பெண்களும் நின்றுவிட்டார்கள். குளம் முழுக்க ஆளாளுக்கு ஒரு திசை.

நடுவர் அம்மா ஓடிவந்தார். "போட்டி நடக்கறப்போ விசில் அடிச்சது யாருய்யா?" நாகையா மாமா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "நான்தான் மேடம். பாப்பா ராங் ரூட்ல போச்சி." அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். நீலச் சட்டை, பெல்ட், விசில். "குளத்து செக்யூரிட்டிக்கு இன்னாய்யா இங்க வேலை? கேட்டாண்ட போய் நில்லு!" என்று ஒரு விரட்டு விரட்டினார்.

இவர்தான் எங்கள் பயிற்சியாளர் என்று தெரிந்தால் டீமே அவுட். மாமா வாயைத் திறந்தார். எதிர்க்கரையிலிருந்து ஓடிவந்திருந்த அமலாவைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். குளத்து ஆள் செய்த தவறுக்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ரேஸ் என்று அறிவித்தார்கள். நடுவில் திரும்பிய என்னைப் பற்றி ஒரு டீம்காரர் சண்டைக்கு வந்தார். நடுவர் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "திரும்பக் கூடாதுன்னு இதுல போடலையே சார். இதுவரைக்கும் யாரும் திரும்புனதில்ல போலிருக்கு" என்றார்.

"ஏன்டீ, உனக்காக நடுவுல செவுரு கட்டி வெப்பாங்களா?" என்று அமலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கோபத்தில் ஆரம்பித்தவள் பாதியில் சிரிக்க ஆரம்பித்து, அப்புறம் நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் தன் கண்ணாடியைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். "எண்ணாத. கண்ண தொற. கீழ கறுப்புக் கோடு போட்டுக்கீறாங்க, அது முடியற வரிக்கும் போய்க்கினே இரு."

"உனக்கு?"

"என் கண்ணு, நான் பாத்துக்கறேன்."

அய்யோ, அந்தத் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அதுவரை தண்ணீருக்குள் இருட்டுதான் இருக்கும் என்று நினைத்திருந்தவள் நான். நீலமாக, வெளிச்சமாக, தரை தெரிகிறது, என் கை தெரிகிறது, யாரோ தொலைத்த ஹேர்பின் தெரிகிறது. சந்தோஷத்தில் தண்ணீருக்குள்ளேயே சிரித்து, ரெண்டு வாய் குடித்து, அதிலேயே கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். நான் சுவரைத் தொட்டபோது நாலாவது. என் தலைக்கு மேலே அமலா பாய்ந்தாள்.

அவள் அன்று நீந்தியது நீச்சலே இல்லை, பேய் பிடித்த ஆட்டம். முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசிப் பத்து மீட்டரில் பக்கத்து வரிசைப் பெண்ணை எட்டிப் பிடித்து, ஓர் உள்ளங்கை அளவு முன்னால் சுவரைத் தொட்டாள். மூன்றாவது! நாங்கள் போட்ட கூச்சலில் ரீட்டா உடுப்போடு மறுபடியும் குளத்தில் விழுந்தாள். கேட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது நாகையா மாமா, "மூணாவதா? அதுக்கா இந்த ஆட்டம்?" என்று கேட்டுவிட்டு, அவரும் ஆடினார். மேடை போட்டோவில் அமலாவின் கண்கள் குளோரினில் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். பார்ப்பவர்கள் அவள் அழுததாக நினைப்பார்கள்.

திரும்பும் ரயிலில் பொன்னேரி தாண்டியதும் நாகையா மாமா கழுத்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு மெதுவாக, "நான் பொய் சொல்லலையே பாப்பா. நான் செக்யூரிட்டிதானே?" என்றார். வண்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

சர்டிபிகேட் பலித்தது. ஜூனில் அமலாவுக்கு இடம் கிடைத்தது. எல்லோருமாக சென்ட்ரல் வரை போய், கத்திக் கும்மாளம் போட்டு, அவளை ரயில் ஏற்றிவிட்டோம். யாருக்கும் அழத் தோன்றவில்லை. ஜெயித்தவர்கள் எதற்கு அழ வேண்டும்?

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு டேங்குக்குப் போனோம், மூன்று பேர். பாசி தேய்த்தோம். அப்புறம் யார் முதலில் இறங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்தே இருந்தோம். அத்தனை ஞாயிறும் அவளை அனுப்பிவைப்பதற்காகத்தான் நீந்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு மாதம் அப்படிப் போனோம். பிறகு கௌசல்யா வரவில்லை, பிறகு நான்.

இப்போது அந்தக் கம்பெனி கை மாறி, தொட்டியைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். கௌசல்யா வீட்டுக் கிணற்றைத் தூர்த்து, அதன்மேல் குடோன் நிற்கிறது. நாகையா மாமா வேலையிலிருந்து நின்று ஊருக்குப் போனவர், போன வருஷம் தவறிவிட்டார். எங்களுக்குச் செய்தி வந்ததே ரெண்டு மாதம் கழித்துத்தான். அமலா விளையாட்டுக் கோட்டாவில் நல்ல உத்தியோகத்துக்குப் போய், கோயம்புத்தூரிலேயே வீடு கட்டிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வாள். நடுக் குளத்தில் நான் திரும்பியதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் மூச்சு வாங்கச் சிரிப்பாள்.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் இதுவரை சொன்னதில்லை. டேங்க் விளிம்பில் மூன்று பேராக உட்கார்ந்திருந்த அந்த ஞாயிறு, ரெண்டாவது ரேஸ் நடக்காமலே போயிருக்கலாம் என்று நினைத்தேன். அவள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போயிருப்பாள், லீவு நாளில் எங்களோடு இருந்திருப்பாள். அவள் வாழ்க்கையே அதில்தான் இருந்தது என்று நன்றாகத் தெரிந்தும் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் நினைத்தேன்.