ஆடியில் பிரிக்காத உறை

உசிலம்பட்டிச் சந்தையில் சோணையம்மாளை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். மாட்டின் பல்லைப் பார்ப்பாள், நடக்கவிட்டுப் பார்ப்பாள், அப்புறம்தான் சுருக்குப்பையை அவிழ்ப்பாள். அவளைத்தான் வங்கி அதிகாரி முத்துக்குமரன் ஏசி அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்துக் கவிழ்த்தான்.

புருஷன் செத்த பிறகு மாடுகளை விற்ற பணம் அது. காளவாசலில் ஒரு டீக்கடை தை மாதம் கைமாற இருந்தது. வெயிலில் மாட்டின் பின்னால் அலைந்தது போதும், நிழலில் நின்று சொந்தமாகப் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதுவரை டெபாசிட்டில் கிடக்கட்டும் என்று வங்கிக்குப் போனாள்.

"டெபாசிட்டை விட நல்லது ஒண்ணு இருக்கும்மா," என்றான்.

"தையில எனக்குப் பணம் வேணும் சார்."

"தாராளமா எடுத்துக்கங்க."

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். டை கட்டியவன் பொய் சொல்வானா என்ற நினைப்பு. சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

ஆடி பிறந்த அன்று அந்தப் பணத்துக்கான பத்திரம் தபாலில் கனத்த உறையில் வந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்காத குடும்பம். பிரிக்கலாமா என்று அவனிடமே போனில் கேட்டாள்.

"ஆடி கழியட்டும்மா. ஆவணியில நல்ல நாள் பாத்துப் பிரிங்க."

எம்புட்டுத் தன்மையான பிள்ளை என்று பூரித்துப்போய் உறையைச் சாமி படத்தடியில் வைத்தாள். தன்மையாம்! வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க, உறை கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதம்தான் கெடு என்று அவனுக்குத் தெரியும். நல்ல நாள் பார்க்கச் சொன்ன அந்த யோக்கியன், அதே ஆடித் தள்ளுபடியில் தனக்குப் புது பைக் எடுத்தான்.

ஆவணியில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆயுள் காப்பீடு. வருடாவருடம் அதே தொகையைக் கட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்குக் கை வைக்க முடியாது. அடித்துப் பிடித்து ஓடினாள்.

"கெடு முடிஞ்சிருச்சும்மா. படிச்சுப் பாத்துல்ல கையெழுத்துப் போடணும்?"

"நீங்கதான சார் ஆடி கழியட்டும்னீங்க?"

"நான் சொன்னதுக்கு எழுத்து இருக்கா?"

தல்லாகுளத்தில் இருந்த மேலதிகாரியும் கையெழுத்து உன்னுடையதுதானே என்று கேட்டு அனுப்பிவிட்டார். வெட்கங்கெட்ட கூட்டம்.

தையில் கடையை வேறொருவர் எடுத்தார். அங்கேயே சோணையம்மாள் கூலிக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் முத்துக்குமரன் டீ குடிக்க வந்தான்.

"அடுத்த தவணை ஆனியிலம்மா. கட்டாட்டிப் போட்டதும் போயிரும்."

"தெரியும் சார். அதுக்குத்தான் கிளாஸ் கழுவுறேன்."

"நல்லதும்மா," என்று குடித்த கிளாஸை அவளிடமே நீட்டினான்.