சுத்தபோசன மீன்

எங்கள் கல்லூரியில் விடுதிக்காரர்களுக்கு மெஸ் உண்டு. கையில் சில்லறை புரளுகிறவர்களுக்கு கேன்டீன். அங்கே சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு கேட்டுக்கு வெளியே நாயர் கடை டீயும் பன்னும். எங்களைப் போல வீட்டிலிருந்து கேரியர் தூக்கி வருகிறவர்களுக்காக டிபன் ரூம் என்று ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நல்ல அறைதான். நீள நீள பெஞ்சு, தலைக்கு மேல் ஃபேன்.

நான் பி.யூ.சி. சேர்ந்த வருஷம் அதன் கதவில் ஒரு பலகை ஏறியது. ‘சுத்த சைவ உணவு மட்டும். மற்றவர்கள் வெளியே அமர்ந்து உண்ணவும்.’ வெளியே என்றால் சைக்கிள் ஷெட். ஷெட்டை ஒட்டிக் கக்கூஸ். யோசித்துப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரத்துப் பிள்ளைகள் வந்து படிக்கிற கல்லூரி. அங்கே மீன் தின்கிறவன் ‘மற்றவன்’!

பலகையை மாட்டியவர் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். லேபில் அழுகின முட்டை நாற்றமடிக்கும் வாயுவைக் காலை முழுக்கத் தயாரித்துக் காட்டுவார், மூக்கைக்கூடச் சுளிக்க மாட்டார். வடக்கேயிருந்து காற்றடித்தால் எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகை வகுப்புக்குள் வந்து எல்லார் கண்ணையும் எரிக்கும். அதற்கு எதிராக அவர் பலகை எதுவும் மாட்டவில்லை. மீன் குழம்புக்குத்தான் அவருக்குத் தலை சுற்றும்.

எனக்காவது பரவாயில்லை. அப்பா ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் காய்கறிதான். என் தோஸ்து காசிமேட்டுக்காரன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். அவர்கள் வீட்டில் கத்திரிக்காய்தான் விலைக்கு வாங்குகிற பொருள். மீன் இல்லாத நாள் என்றால் அப்பா கடலுக்குப் போகாத நாள். அன்றைக்குச் சோறும் சந்தேகம்தான்.

அவன் ஷெட்டில் உட்காரவே மாட்டான். கேரியரைத் திறக்காமல் வைத்திருந்து, வீட்டுக்குப் போகிற வழியில் காக்காய்க்குக் கொட்டிவிட்டு, காலி டப்பாவை அம்மாவிடம் நீட்டுவான். பிற்பகல் வகுப்பில் பசி மயக்கத்தில் தலை தொங்கும். அதைப் பார்த்து வாத்தியார்கள், இவனுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னான்.

“நான் காலேஜ வுட்டு நின்னுக்கிறேன் மாமு. நைனாகூட கடலுக்குப் போயிடறேன்.”

“இன்னாத்துக்குடா? பரீட்சைக்கு பயந்துகினியா?”

“பசிக்குதுடா. காலேஜு பூரா வாசனையா கீது, நான் மட்டும் கலீஜா? எங்கம்மா இருட்டுல எழுந்து ஆக்குன சோறு. அத்த கக்கூஸாண்ட குந்திகினு துன்னா எறங்குமா?”

எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற வாய் எனக்கு. அன்று அதிலிருந்து ஒரு நக்கலும் வரவில்லை.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் இருடா. ஒரு வேலை கீது,” என்றேன்.

எங்கள் மாதா கோயில் வழக்கப்படி வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். அன்றைக்கு ஆடு, மாடு, கோழி எதையும் தொடக்கூடாது. ஆனால் மீன் தின்னலாம். கோயில் கணக்கில் மீன் மாமிசம் கிடையாது. அதனால் ராயபுரத்தில் வெள்ளிக்கிழமை எந்த கிறிஸ்தவ வீட்டைக் கடந்து போனாலும் மீன் பொரிகிற வாசனைதான் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அவனும் டிபன் ரூமுக்குள் போய் உட்கார்ந்து கேரியரைத் திறந்தோம். இரண்டிலும் பொரித்த சங்கரா மீன். எதிரே தயிர்சாதக்காரன் ஒருவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். டெமான்ஸ்ட்ரேட்டர் ஓட்டமாக வந்தார்.

“என்னய்யா இது?”

“சோறு சார்.”

“பக்கத்துல?”

“தொட்டுக்க சார்.”

“வாசல்ல பலகையைப் படிச்சியா இல்லையா?”

“எழுத்துக்கூட்டி படிச்சேன் சார். சுத்தம்னு போட்டுகீது. எங்களுக்கு இன்னிக்கி சுத்தபோசனம். சந்தேகம்னா மாதா கோயில் சாமியாரைக் கேளுங்க. பிஷப்பு வூட்லயே இன்னிக்கி மீனுதான்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கேரியரும் கையுமாக எங்களைப் பிரின்சிபால் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பிரின்சிபால் மேஜைமேல் இருந்த சங்கராவை வெகுநேரம் பார்த்தார். மத விஷயம் என்றதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. நாளைக்குக் கோயில்காரர்கள் திரண்டு வந்து நின்றால் யார் பதில் சொல்வது? தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை மட்டும், கிறிஸ்தவ மாணவர்கள் மட்டும், உள்ளே மீன் சாப்பிடலாம்.”

“அப்போ இவன் சார்?”

“நீ என்ன மதம் தம்பி?”

“இந்து சார்,” என்றான் தோஸ்து.

“அப்படின்னா உனக்கு இது மத விஷயம் இல்லையே. நீ வெளியேதான் சாப்பிடணும்.”

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. “சார், ரெண்டும் ஒரே மீனு சார்! இவங்கப்பா புடிச்சது. இவங்கம்மா கூடையிலதான் எங்கம்மா வாங்குச்சு. என் டப்பாவுல வந்தா மட்டும் அதுக்கு ஞானஸ்நானம் ஆயிடுதா?”

“வாயை மூடு. சலுகை கொடுத்தா வாங்கிக்கத் தெரியணும்,” என்றார் டெமான்ஸ்ட்ரேட்டர்.

சலுகையாம்! வீட்டுச் சோற்றை பெஞ்சில் உட்கார்ந்து தின்பதற்குச் சலுகை! “எனக்கும் வேணாம் சார், நீங்களே வச்சிக்குங்க,” என்று கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தோஸ்து தன் கேரியரை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவ்வளவுதான், இனி வரமாட்டான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வந்தான். எனக்கு முன்னால் டிபன் ரூமுக்குள் போய், நட்டநடு பெஞ்சில் குந்தி, கேரியரைத் திறந்து வைத்திருந்தான். வாளை மீன் குழம்பு, வாசனை வராண்டா வரைக்கும் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரின்சிபாலின் தீர்ப்பு அதற்குள் கல்லூரி பூராவும் பரவியிருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் முட்டையோடு வந்தார்கள். புளியந்தோப்பிலிருந்து வருகிறவர்கள் கறிக்குழம்போடு வந்தார்கள். இத்தனை பேர் ஷெட்டிலும் அங்கே இங்கேயும் ஒதுங்கித் தின்றுகொண்டிருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை; எல்லார் வாயிலும் சோறு.

மறுநாள் போனால் பலகையைக் காணோம். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். உள்ளே கேன்டீன் கான்ட்ராக்டருடைய அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மனுஷனுக்குக் கிடைக்காத காற்று மூட்டைக்கு! எல்லாருக்கும் இடம் கொடுங்கள் என்றால் யாருக்கும் இல்லை என்று சொல்வதற்கு இவர்கள் எத்தனை புத்தகம் படித்திருப்பார்கள்?

கேரியர்காரர்கள் அத்தனை பேரும் கல்லூரியின் முன்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவ்வளவு பேரை எந்த ஷெட்டுக்குள் தள்ளுவது? தயிர்சாதக்காரன் கீழ்ப்படியிலிருந்து முறைத்தான்.

“உங்களாலதான்டா எங்க ஃபேனும் போச்சு.”

தோஸ்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். “இத்தினி நாளு எங்கள கக்கூஸாண்ட தொரத்தினப்போ நீ எங்க கண்ணு இருந்தே?”

தயிர்சாதக்காரன் தலையைக் குனிந்துகொண்டு ஊறுகாயைத் தேடினான். தோஸ்து நிதானமாகத் தின்றான். முள்ளை மட்டும் ஒரு காகிதத்தில் ஒதுக்கிவிட்டு, டப்பாவின் அடியில் இருந்த குழம்பையும் வழித்தான். பிற்பகல் வகுப்பில் அவன் தூங்கவில்லை. உண்ட மயக்கத்தில் நான்தான் தூங்கினேன்.