ஒரு குடம் நல்ல தண்ணீர்

என் வாழ்நாளில் நானும் ஓர் அற்புதம் செய்திருக்கிறேன். அது பத்து நிமிடம் நீடித்தது.

எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூரில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், தேவாலயக் கிணற்றிலிருந்து அதன் அண்ணனோ அக்காவோதான் தண்ணீர் இறைத்து வர வேண்டும். தங்கச்சிக்கு நான். ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் பதவி என்பதால், ஒரு வாரம் தெருவில் எந்தச் சிறுமியையும் மதிக்காமல் நடந்தேன்.

ஞாயிறு காலை பித்தளைக் குடத்தோடு போய் இறைத்தால், வாளியில் வந்தது டீத் தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே நுரை, அழுகிய முட்டை நாற்றம். இரண்டு வருடமாகவே அதை யாரும் குடிப்பதில்லை. பெண்கள் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்க் குழாயடியில் நின்றார்கள். எனக்குக் கிணற்றைப் பற்றிக் கவலையில்லை, கவுனைப் பற்றித்தான். தங்கச்சியின் வெள்ளை கவுன் ஆராதனை முடிந்ததும் என் பொம்மைக்கு என்று அம்மா சொல்லியிருந்தாள். கறை பட்டுவிட்டால் பொம்மையின் கதி என்னாவது? தண்ணீரைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சூப்பர்வைசர். அந்தச் சலுகையில் திங்கட்கிழமைதோறும் டேனரி மாட்டுவண்டி எங்கள் வாசலில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் இறக்கிவிட்டுப் போகும். அதில் மொண்டு குடத்தை நிரப்பினேன்.

போதகர் ஞானஸ்நானத் தொட்டிக்குள் பார்த்தார். அடி பளிச்சென்று தெரிந்தது. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சபையின் பக்கம் திரும்பினார்.

"நம்ம கிணறு தெளிஞ்சிடுச்சி. ரெண்டு வருஷ ஜெபத்தக் கர்த்தர் கேட்டுட்டாரு."

சபை ஆமென் சொன்னது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "கேட்டுக்குப் போற பேஜார் இல்லக்கா இனிமே. இன்னிக்கே ரெண்டு குடம் எடுத்துக்கறேன், புள்ளைக்குப் பால் கரைக்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அற்புதம் செய்பவர்கள் அடக்கமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தொட்டியருகே நின்ற அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஐயா, அது கிணத்துத் தண்ணி இல்லீங்க. எங்க வீட்டு பீப்பாத் தண்ணி. கிணறு அப்படியேதான் கெடக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமையானா டேனரி கழிவுத் தண்ணிய நம்ம கோயிலுக்குப் பின்னால இருக்கற வாய்க்கால்ல தொறந்து விடறது நான்தானுங்க. நேத்தும் விட்டேன்."

"இன்னாங்க இது, சபையில போயி," என்று அம்மா முணுமுணுத்தாள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே டேனரியில்தான் வேலை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

 போதகர் தொட்டித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, "புள்ளைக்கு வெச்சிக்கம்மா," என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அப்பாவைப் பார்த்து, "நம்ம கிணத்துல போய் இறைச்சிட்டு வாங்க. கர்த்தர் நல்ல தண்ணியாத்தான் குடுத்தாரு. நாம ஆக்கி வெச்சிருக்கறது இது. ஞானஸ்நானத்த இதுலயே குடுப்போம்," என்றார்.

தங்கச்சியின் தலையில் மூன்று கை பழுப்புத் தண்ணீர் விழுந்தது. அவள் வீறிட்டாள். அப்பா கைக்குட்டையால் அந்தத் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், போதும் என்று அம்மா சொன்ன பிறகும். கவுனில் கறை விழுந்ததைக் கவனித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"தொறக்கலியா?" என்றாள் அம்மா.

"இல்ல."

திங்கட்கிழமை வண்டி வந்தது. எங்கள் வாசலில் நிற்கவில்லை. வண்டிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மாட்டை ஓட்டிப் போனார். நான் ஒரு குடம் திருடியது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து சாப்பாட்டின்போது பாதி டம்ளர் தண்ணீர்தான் குடிப்பது. மீதியை அப்படியே வைத்துவிடுவது.

"இன்னாடி, விக்கிக்கப் போவுது. குடி," என்றாள் அம்மா.

"வண்டிக்கு ஒரு கொடம் திருப்பித் தரணும்மா. அப்பத்தான் மறுபடியும் நிக்கும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயருகே கொண்டுபோன டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அவரும் என்னைப் போலவே மிச்சம் பிடிக்கிறார் என்று எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.